செங்கோலும் கொடுங்கோலும்

முறை தவறாத ஆட்சியைச் 'செங்கோல்' என்றும், முறை பிறழ்ந்த ஆட்சியைக் 'கொடுங்கோல்' என்றும் தமிழர் வழங்கினர். 'கொடுமை' என்பதற்கு வளைவு என்னும் பொருளும் உண்டு. வளைந்த வாள் கொடுவாள். வளையும் வில் கொடுமரம். அவ்வாறே, நேராக நிற்கவேண்டிய கோல் வளைந்தால் அது கொடுங்கோல். கொடுமை + கோல் என்பதில் ஈறு போய், இனமெழுத்து மிகுந்து இச்சொல் அமைந்தது.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இச்சொல்லின் பொருளை நன்கு உணர்த்துகிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையை முறையின்றிக் கைப்பற்றியவன் அல்லன். மரபுவழி வந்த வேந்தன். எனினும், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. தன் கோல் வளைந்ததை உணர்ந்த மன்னன் அங்கேயே உயிர்நீத்தான்.

கிரேக்கத்தில் 'டைரன்ட்' என்னும் சொல்லின் மூலவடிவம் தொடக்கத்தில், முறைப்படியன்றி ஆட்சியைக் கைப்பற்றியவனைக் குறித்தது. அச்சொல் ஆட்சி வந்த வழியை வினவியது. தமிழ்ச்சொல்லோ ஆட்சி நடக்கும் வழியை வினவுகிறது. 'கொடுங்கோன்மை' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், கோலேந்திய அரசன் முறையின்றிப் பொருள் கேட்பதை வேலேந்திய கள்வனின் செயலோடு ஒப்பிடுவதும் இதனாலேயே.

இக்காலத்தில் வழங்கும் பிற சொற்களையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அதிகாரம் முழுவதும் ஒருவரிடமே குவிதல் சர்வாதிகாரம்; விதிக்குக் கட்டுப்படாமல் தன் விருப்பப்படி ஆளுதல் எதேச்சாதிகாரம். பண்டைய உரோமைக் குடியரசில் நெருக்கடிக் காலத்தில் நியமிக்கப்பட்ட சர்வாதிகாரியின் பதவிக்காலம் ஆறு மாதங்களுக்கு மேற்படாது. எல்லை வகுத்தே அதிகாரம் அளிக்கப்பட்டது.

மக்களாட்சியிலும் கோல் வளையக்கூடும். இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. அக்காலத்தில் நாளிதழ்கள் தணிக்கைக்கு உள்ளாயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அந்த அரசும் தேர்தலில் வென்று வந்த அரசே. 1977 தேர்தலில் மக்கள் அதனை அகற்றினர்.

நமக்கு உடன்பாடற்ற முடிவு ஒவ்வொன்றையும் கொடுங்கோன்மை என்பது பொருந்தாது. குற்றம் ஆராயப்பட்டதா, முறையிட வாயில் திறந்திருந்ததா என்பனவே அச்சொல்லைப் பயன்படுத்தும் முன் கேட்கவேண்டிய வினாக்கள். பாண்டியன் அவையில் கண்ணகியால் வாதிட முடிந்தது. அவ்வாயிலும் அடைபடும்போது கொடுங்கோன்மை முழுமையடைகிறது.