மலை ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கிறதா?

எங்கள் பாடாலூர் பூமலை சஞ்சீவிராயர் கோயிலுக்கு மலையேறிப் போய் வந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "ஏறும்போது நெஞ்சை அழுத்துதுங்க. உட்கார்ந்தா சரியாயிடுது. வாயுதானே? ஒரு சூரணம் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. "முதல்ல ஈ.சி.ஜி. எடுங்க" என்றேன். எடுத்து வந்து, "எல்லாம் நார்மல், நான் சொன்னேன்ல!" என்று சிரித்தார். அப்போதும் விடாமல் இருதய டாக்டரிடம் அனுப்பினேன். ஓடவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது: இரத்தக்குழாயில் அடைப்பு!

படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சில சமயம் சரியாகவே இருக்கும். ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் அழுத்தம்தான் முக்கிய அறிகுறி. அது தாடைக்கோ இடது கைக்கோ பரவலாம்.

மலையேறுபவர்களே, கவனியுங்கள்:

* வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள்.
* பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள்.
* சர்க்கரை நோயாளிகள் கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். அவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவும் இது வரலாம்.
* இறங்கும்போது முழங்காலுக்குத்தான் பாரம் அதிகம். குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள்.
* உட்கார்ந்தும் வலி அடங்காமல் வியர்த்துக் கொட்டினால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: நெஞ்சு அழுத்தத்துக்கு, சோதிக்காமல் சாப்பிடும் வாயு மருந்து சஞ்சீவி ஆகாது.