பாவத்தின் விளைவு யார்மேல் விழுகிறது?

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. இத்தகைய பேரழிவை மாண்டோரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையெனப் பிரசங்கிப்பது எளிது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து நம் ஆண்டவர் அவ்வெண்ணத்தை மறுத்தார் (லூக். 13), மனந்திரும்பும்படி அவர் சொன்னதோ கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமே.

அவ்வாறாயின் வெள்ளத்தில் பாவமே இல்லையோ? உண்டு, அதை மாண்டோரிடம் தேடலாகாது என்பதே நம் கருத்து. மழை இயற்கையின் செயல். ஏரிகளையும் கால்வாய்களையும் தூர்த்து மனை பிரித்ததும், பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டியதும் மனிதர் செயல்கள். விற்றவர் ஆதாயம் பெற்றார். மலிவான மனையென்று நாமும் மகிழ்ந்து வாங்கினோம். விளைவை மிகுதியாகச் சுமந்தவரோ ஆற்றோரக் குடிசைவாசிகள். பின்னர் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டுப் பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டோரும் அவர்களே.

‘நாம் அறியாமல் செய்தோம்’ என்பது நமது வழக்கமான மறுமொழி. லேவியராகமம் 4ஆம் அதிகாரம் இம்மறுமொழியை ஏற்பதில்லை. அறியாமல் பாவஞ்செய்த பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா போதும். சபை முழுவதும் அறியாமல் பாவஞ்செய்தாலோ, அபிஷேகம் பெற்ற ஆசாரியனுக்குரிய அதே காளையைச் செலுத்த வேண்டும். சபையின் அறியாமை அத்துணைப் பாரமானதாக எண்ணப்பட்டது.

மன்னிப்பும் விளைவை அழித்துவிடுவதில்லை. தாவீது மன்னிக்கப்பட்டான், உரியா உயிர்த்து வரவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை (2 சாமு. 12).

ஞாயிறுதோறும் பொதுப் பாவ அறிக்கையை நடத்தும் ஆயர்கள், தங்கள் ஆலயமனை முன்னர் எந்த ஏரியின் பகுதியாயிருந்தது என்பதைப் பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் ஒருமுறை பார்ப்பது நலம். சில சபைகளில் அது குருசேகரக் குழுவுக்குச் சங்கடம் விளைவிக்கக்கூடும்.