நினைவும் நீதியும்: அமெரிக்க வைத்தியசாலைகளும் கறுப்பின வரலாறும்

முன்னோர்தம் அருஞ்செயல்களை நினைந்து விழாவெடுத்தல் எந்நாட்டு மக்களுக்கும் பொதுவான வழக்கமாகும். ஆயின், விழாவெடுக்கும் நிறுவனமே ஒரு காலத்தில் அம்முன்னோரைத் தன் வாயிலுக்கு வெளியே நிறுத்தியதாயின், அவ்விழாவின் பொருள் யாது? எவ்வாறு நடைபெறின் அது பயனுடையதாகும்? ஐக்கிய அமெரிக்க நாட்டு வைத்தியசாலைகள் பெப்ரவரி மாதத்திற் கொண்டாடும் கறுப்பின வரலாற்று விழா இவ்வினாக்களை எழுப்புகின்றது.

இவ்விழாவைத் தோற்றுவித்தவர் காட்டர் வூட்சன் என்னும் வரலாற்றாசிரியர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு மகனாய்ப் பிறந்து ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், தம் இனத்தாரின் வரலாறு புறக்கணிக்கப்படுதல் கண்டு, 1926ஆம் ஆண்டு பெப்ரவரியின் இரண்டாம் வாரத்தை அதற்கென வகுத்தார். ஆபிரகாம் லிங்கன், பிரடறிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்தநாட்களையும் கருதியே அவ்வாரம் தெரியப்பட்டது. வாரமாகத் தொடங்கிய விழா 1976இல் மாதமாக விரிந்தது.

இம்மாதத்தில் வைத்தியசாலைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் சொற்பொழிவுகள் நிகழும். சாதனையாளரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்படும். 1864இல் அந்நாட்டுக் கறுப்பினப் பெண்டிருள் முதன்முதல் மருத்துவப் பட்டம் பெற்ற றெபெக்கா லீ கிறம்பிளர், 1891இற் சிக்காகோ நகரிற் புரொவிடன்ற் வைத்தியசாலையை நிறுவிய டானியல் ஹேல் வில்லியம்ஸ், இதயக் குறையுடன் நீலம் பாய்ந்து பிறந்த குழந்தைகளைக் காக்கும் சத்திரசிகிச்சைக்கு 1944இல் வழிகண்டோருள் ஒருவரான விவியன் தோமஸ் ஆகியோரின் பெயர்கள் போற்றப்படும். தோமஸ் மருத்துவக் கல்லூரியிற் பயிலும் வாய்ப்பற்றவர். அவர் தொண்டாற்றிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது 1976இலேயே.

நிற்க, இப்பெருமைகளை மட்டும் எடுத்தோதின் வரலாற்றிற் பாதியே கூறியவராவோம். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் அரசாங்கப் பொதுச் சுகாதார சேவையினர் ஏறக்குறைய 600 கறுப்பின ஆடவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடாத்தினர். அவருள் 399 பேர் சிபிலிசு என்னும் மேகநோய் உடையோர். 1947 அளவிற் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தென நிலைபெற்ற பின்னரும், நோயின் போக்கைக் காணும்பொருட்டு அம்மருந்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் குருதிச் சேமிப்பு முறைகளைச் சீர்ப்படுத்திய சார்ள்ஸ் ட்ரூ கறுப்பினத்தவர். எனினும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அவ்வினத்தாரின் குருதியை வெள்ளையர் குருதியினின்றும் பிரித்தே வைத்தது. வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரத்து மோசஸ் கோன் வைத்தியசாலை அரசாங்கப் பணத்தைப் பெற்றும் கறுப்பின மருத்துவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்த பின்னரே அத்தடை வீழ்ந்தது.

இத்தகைய பிழைகளை ஒப்புக்கொண்டோரும் உளர். டஸ்கீகி ஆய்வுக்காக 1997இற் சனாதிபதி கிளின்ரன் மன்னிப்புக் கோரினார். கறுப்பின மருத்துவரைப் புறக்கணித்தமைக்காக 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும், 2016இற் கோன் வைத்தியசாலை நிறுவனமும் அவ்வாறே செய்தன. நோயாளி தன் உடலை மருத்துவரிடம் ஒப்படைப்பது நம்பிக்கையினாலேயாம். அந்நம்பிக்கை பழைய பிழைகளை மறைத்தலால் மீளாது. வெளிப்படக் கூறித் திருத்துதலாலேயே மீளும்.

திருத்துதல் என்பதையே சமநீதி என்கின்றோம். சமத்துவம் எல்லார்க்கும் ஒன்றையே அளிப்பது. சமநீதி, முறைகேட்டால் ஒருவர்க்கு நேர்ந்த குறையை அளந்து நிரப்புவது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டொன்று உண்டு. சிறுநீரகத்தின் வடிதிறனைக் குருதியிலுள்ள கிரியேற்றினின் அளவுகொண்டு கணிப்பர். 2009இல் வெளிவந்த கணிப்பு முறை, நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை 1.159 ஆற் பெருக்குமாறு விதித்தது. மாற்றுச் சிறுநீரகம் வேண்டிக் காத்திருக்கும் காலம், வடிதிறன் 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கிய பின்னரே எண்ணப்படலாகும். ஆகவே 18 என்னும் விடையுடைய வெள்ளையர் காத்திருப்போர் வரிசையில் இடம்பெற, ஏனைய யாவும் ஒத்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 21 எனக் கணிக்கப்பட்டு வெளியே நின்றார்.

2021இல் அந்நாட்டுச் சிறுநீரக வல்லுநர் குழுவொன்று இனத்தைக் கருதாத புதிய கணிப்பு முறையைப் பரிந்துரைத்தது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நிலையங்கள் பழைய முறையைப் பயன்படுத்துவது 2022இல் விலக்கப்பட்டது. 2023 தொடக்கம், அம்முறையால் இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளர்க்கு மீட்டளிக்குமாறும் அந்நிலையங்கள் பணிக்கப்பட்டன. இதனாற் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயனடைந்தனர். ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர்க்கு மீண்ட காலம் உயிரையே மீட்பதாகும்.

எனினும் குறை முற்றும் நீங்கிற்றில்லை. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஓரிலட்சம் குழந்தைகளுக்கு, கறுப்பினத் தாய்மாரின் இறப்பு வீதம் 50.3, வெள்ளையரிடையே அது 14.5. இவ்வேறுபாடு நிலவும்வரை படங்களும் சொற்பொழிவுகளும் மட்டும் போதா. ஒரு வைத்தியசாலையின் விழா மெய்யானதோ என அறிய விரும்புவோர், பெப்ரவரியில் அதன் மண்டபத்தை நோக்குதலோடு அமையாது, மார்ச்சு மாதத்தில் அதன் கணக்கேடுகளையும் நோக்குதல் வேண்டும். எவர் காத்திருக்கின்றார், எவர்க்கு மருந்து பிந்துகின்றது, எவ்விதி அதற்குக் காரணம் என்பவற்றை ஆராய்ந்து அவ்விதியை மாற்றும் நிறுவனமே வரலாற்றைக் கற்றதாகும்.