சொன்னது போய்ச் சேர்ந்ததா? வார்டை நடத்தும் செவிலியருக்குத் தேவையான திறன்கள்

ஒரு வார்டின் பொறுப்பை ஏற்கும் செவிலியர் கண்காணிப்பாளர், தாம் செய்யும் வேலைக்கு மட்டுமல்லாமல் தம் கீழ் இருக்கும் எல்லோரும் செய்யும் வேலைக்கும் பொறுப்பாகிறார். ஊசி போடுவதும் கட்டு மாற்றுவதும் பயிற்சிக் காலத்திலேயே கைவந்துவிடும். பலரை ஒரே குழுவாக இயங்க வைக்கும் திறன் பதவி உயர்வோடு தானாக வருவதில்லை. அதைத் தனியே கற்றுப் பழக வேண்டும்.

வடசென்னையில் இந்தத் தேவை அன்றாடம் தெரியும். துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளர்களும் பெரிய சிகிச்சை என்றால் நம்பி வருவது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான். இயந்திரத்தில் விரல் சிக்கியவர்களுக்காக டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் அங்கே தொடங்கிய கை அறுவை சிகிச்சைத் துறை, இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தகவல் சில நிமிடம் தாமதமானாலும் ஒருவருடைய பிழைப்பே போய்விடக்கூடும்.

தகவல் அதிகம் நழுவும் நேரம் ஷிப்ட் மாறும் நேரம். ‘ஓவர்’, அதாவது நோயாளிகளின் விவரத்தைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைப்பதைச் செய்பவர், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். எடுப்பவர் அப்போதுதான் வந்திருப்பார். நோட்டைப் பார்த்து ஒப்பிப்பதைவிட, இருவரும் ஒவ்வொரு படுக்கைக்கும் சென்று நோயாளியைப் பார்த்தபடி ஓவர் கொடுப்பதே பாதுகாப்பானது. டிரிப் எவ்வளவு ஓடியிருக்கிறது, எந்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும், எந்த மருந்து பாக்கி என்பவை அங்கேயே சரிபார்க்கப்படும். நோயாளியின் பொறுப்பு கைமாறும்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தை, உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

அடுத்தது டாக்டருக்கு போன் செய்யும் முறை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த ‘எஸ்பார்’ முறையில் நான்கு படிகள் உண்டு: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். கை வார்டிலிருந்து பேசும் செவிலியர் அதை இப்படிச் சொல்லலாம்: “சார், பன்னிரண்டாம் பெட் நோயாளிக்கு விரல் நுனி வெளுத்து, தொட்டால் சில்லென்று இருக்கிறது. காலையில் துண்டான விரலை ஒட்ட வைத்து ஆபரேஷன் முடிந்தவர். ரத்த ஓட்டம் குறைகிறது என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள்.” “பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார், சார்” என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விரலைக் காப்பாற்றும். இதைப் புதிய செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பேசிப் பழக வைப்பது கண்காணிப்பாளரின் கடமை.

போனில் சொல்லப்படும் மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வதும் அதே அளவு முக்கியம். டோபமின், டோபுடமின் இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். ‘ஃபிஃப்டீன்’ என்பது ‘ஃபிஃப்டி’ ஆகிவிடும். எண்ணை ‘ஒன்று, ஐந்து’ என்று பிரித்துச் சொல்லிக் கேட்டால் தவறு அங்கேயே நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, பயமில்லாமல் பேச முடிகிற சூழல். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள செவிலியர் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் மறைக்கப்படாமல் வெளியே வந்தன என்பதே அவர் தந்த விளக்கம். தவறைச் சொன்னவரை எல்லோர் முன்னாலும் திட்டினால், அடுத்த தவறு யாருக்கும் தெரியாமல் போய்விடும். கண்டிக்க வேண்டியதைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லலாம்.

குழுவின் ஒற்றுமை பெரும்பாலும் டூட்டி ரோஸ்டரில்தான் உடைகிறது. அரசு மருத்துவமனைகளில் நிரந்தரச் செவிலியரும் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவரும் ஒரே வார்டில் நிற்கிறார்கள். நைட் டூட்டியும் பண்டிகை நாள் வேலையும் எப்போதும் இளையவர் தலையிலேயே விழுந்தால், மனக்கசப்பு நோயாளியின் படுக்கை வரை வரும். சுழற்சி முறையில், முன்கூட்டியே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும் ரோஸ்டர் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். உதவியாளரையும் தூய்மைப் பணியாளரையும் பெயர் சொல்லி அழைத்து, குழுவில் சேர்த்துக்கொள்வதும் இதில் அடங்கும். நோயாளியின் முகம் மாறுவதை முதலில் பார்ப்பவர் பல நேரம் அவர்கள்தான்.

இவ்வளவும் சோதனைக்கு வருவது நெருக்கடியில். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்; சுமார் ஐம்பது பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இப்படி ஒரே நேரத்தில் கூட்டம் வரும் இரவில் யார் ஆக்சிஜனைப் பார்ப்பது, யார் கண்ணைத் தண்ணீரால் கழுவிவிடுவது, யார் பெயர் எழுதுவது, யார் உறவினரோடு பேசுவது என்பதைக் கண்காணிப்பாளர் பெயர் சொல்லிப் பிரித்துத் தர வேண்டும். “யாராவது பாருங்க” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தப் பங்கீட்டைச் சாதாரண நாளில் ஒத்திகை பார்த்த குழுவே அன்று தடுமாறாமல் நிற்கும்.

ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த வடசென்னையில் அடுத்த விபத்து எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே செவிலியர் கண்காணிப்பாளர்களுக்குப் பதவி உயர்வு ஆணையோடு இந்தப் பயிற்சியையும் சேர்த்தே தர வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது.