உரைவழி உலாவியும் அதன் பராமரிப்பும்

சாலையையும் பாலத்தையும் கட்டி முடிப்பதோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அவற்றை ஆண்டுதோறும் பேணுதல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். கணிப்பொறி நிரல்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பது போதிய அளவு உணரப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் ‘லின்க்ஸ்’ என்னும் இணைய உலாவி இதற்குத் தக்க சான்றாகும்.

தோற்றமும் பயனும்

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ஆம் ஆண்டு லூ மொன்டுல்லி, மைக்கேல் க்ரோப், சார்லஸ் ரெசாக் ஆகியோர் இதனை உருவாக்கினர். பல்கலைக்கழகச் செய்திகளை வளாகத்தினருக்கு வழங்குவதே தொடக்க நோக்கமாக இருந்தது. 1993-இல் இது இணையத்தோடு இணைக்கப்பட்டது.

இவ்வுலாவி படங்களைக் காட்டுவதில்லை. பக்கத்திலுள்ள எழுத்துகளை மட்டும் திரையில் வரிசையாகத் தருகிறது. சுட்டி இன்றி விசைப்பலகையைக் கொண்டே இதனை இயக்கலாம். எனவே, தொலைவிலுள்ள கணிப்பொறிகளை மேற்பார்வையிடுவோரும், வேகம் குறைந்த இணைப்பை உடையோரும் இதனை நாடுகின்றனர். எழுத்தைப் பேச்சாகவோ பிரெயில் குறியாகவோ மாற்றும் கருவிகளோடு எளிதில் பொருந்துவதால், பார்வையற்றோருக்கும் இது துணையாக அமைந்துள்ளது.

திறந்த மூலநிரல்

லின்க்ஸின் மூலநிரல் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். ஆயினும், திருத்தும் உரிமை மட்டுமே திருத்தத்தைக் கொண்டுவந்துவிடாது. முதலில், பிழை எந்நிலையில் தோன்றுகிறது என்பதை மீண்டும் நிகழ்த்திக் காணல் வேண்டும். பின்னர் அதன் காரணத்தை நிரலின் உரிய வரியில் கண்டறிதல் வேண்டும். மாற்றம் இயன்றவரை சிறிதாக இருத்தல் நலம். அது வேறோர் இடத்தைப் பழுதாக்கவில்லை என்பதும் சோதிக்கப்படல் வேண்டும். இறுதியாக, என்ன மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பதைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. அடுத்து வருவோர்க்கு அப்பதிவே வழிகாட்டி.

ஒரு பிழையின் வரலாறு

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிப்பட்ட ஒரு குறை இதனை விளக்கும். இணைய முகவரியிலேயே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தளத்தின் பெயருக்கு முன்னால் எழுதும் முறை ஒன்று உண்டு. மறையீட்டுடன் கூடிய இணைப்பைத் தொடங்கும்போது, எந்தத் தளம் வேண்டும் என்பதை உலாவி முதலில் வழங்கிக் கணிப்பொறிக்கு அறிவிக்கிறது. ஒரே கணிப்பொறியில் பல தளங்கள் இயங்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். இந்த அறிவிப்பு வழக்கமாக மறையீடு இன்றியே செல்வது. அதில் தளத்தின் பெயர் மட்டுமே இருத்தல் வேண்டும். லின்க்ஸோ முன்னுள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நீக்காமல் சேர்த்து அனுப்பியது. இடைவழியில் கவனிப்போர் எவரும் அவற்றைப் படித்துவிட முடியும்.

திருத்தம் எளியதே: அனுப்புவதற்கு முன் அப்பகுதியை நீக்கிவிட்டால் போதும். அதே மாதத்தில் வளர்ச்சிப் பதிப்பில் இது செய்யப்பட்டது. அதனை உள்ளடக்கிய 2.9.0 என்னும் நிலையான பதிப்பு 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. ஆனால் டெபியன் போன்ற தொகுப்பாளர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. தங்களிடமிருந்த பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்து 2021 ஆகஸ்டிலேயே வழங்கினர். மூலநிரல் கையில் இருந்ததால்தான் இது இயன்றது.

புதிய வசதிகளின் சுமை

பிழை நீக்குவதைவிட வசதி சேர்ப்பது கவர்ச்சியானது. ஆனால் சேர்க்கப்படும் ஒவ்வொரு வசதியும் என்றென்றும் பேணப்பட வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. மேற்கூறிய குறையும் பாதுகாப்புக்கென ஏற்பட்ட வசதியோடு பழைய முகவரி முறை சேர்ந்த இடத்திலேயே தோன்றியது. பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை லின்க்ஸ் இன்றும் ஏற்பதில்லை. இதனால் சில தளங்கள் அதில் திறவா. மறுபுறம், நிரல் சிறிதாகவும் பழைய கணிப்பொறிகளுக்கும் ஏற்றதாகவும் நிலைத்துள்ளது.

நமக்குரிய படிப்பினை

மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூலநிரல்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது. இக்கொள்கையின் முழுப்பயனும் கிடைக்க வேண்டுமாயின், நிரலை நிறுவுவதற்கு மட்டுமன்றி, அதனைப் பேணுவதற்கும் ஆளும் காலமும் ஒதுக்கப்படல் வேண்டும். நிறுவனங்கள் தாம் கண்ட பிழைகளை மூல ஆக்குநர்க்குத் தெரிவிப்பதும் அதில் அடங்கும்.

அலுவலர்கள் தத்தம் துறையின் இணையதளத்தை உரைவழி உலாவி ஒன்றில் திறந்து பார்ப்பதும் பயனுடையது. படங்களுக்கு உரை விளக்கம் உள்ளதா, படிவம் விசைப்பலகையால் நிரப்பத்தக்கதா என்பன உடனே புலப்படும். மாணவர்க்கோ, பிறர் எழுதிய நிரலைப் பொறுமையுடன் படித்து ஒரு சிறு பிழையைத் திருத்துவது சிறந்த பயிற்சியாகும். அத்திருத்தம் ஒருவரது கடவுச்சொல்லைக் காக்கலாம்; பார்வையற்ற ஒருவருக்கு ஒரு படிவத்தைத் திறந்து வைக்கலாம்.