கைக்கு அரை நொடி முன்னால்

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன். அது கொதிப்பதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். டீ போடும்போது நம் கண் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

"டீ போடுவதெல்லாம் கை பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டே செய்வேன்" என்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் லேண்ட், சக ஆய்வாளர்கள் இருவருடன் சேர்ந்து இதை அளந்தே பார்த்தார். லேண்ட் ஒரு விலங்கியலாளர். கடற்சிப்பியின் கண்ணையும் தாவும் சிலந்தியின் கண்ணையும் ஆராய்ந்த பிறகு மனிதக் கண்ணுக்கு வந்தவர்.

அவர் கண்டதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் பார்வை மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய அந்த நகத்தளவு இடத்தில் மட்டும்தான். அதைத் தாண்டினால் தெளிவு வேகமாகக் குறைந்துவிடும். அறை முழுவதும் ஒரே தெளிவாகத் தெரிவதாக நமக்குத் தோன்றக் காரணம், கண் நொடிக்கு மூன்று முறை போல இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருப்பதுதான். இந்தத் தாவல்களை நாம் உணர்வதே இல்லை.

அப்படியானால் கண் எங்கே தாவ வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ் 1960களில் ஓவியத்தைக் காட்டிச் சோதித்தார். ஒரே ஓவியம்தான், ஆனால் அதில் இருப்பவர்களின் வயதைக் கேட்டால் கண் முகங்களுக்குப் போயிற்று, உடைகளைக் கேட்டால் உடைகளுக்குப் போயிற்று. கேள்வி மாறினால் பார்வையின் தடமும் மாறியது. ஆனால் அவர் சோதித்தது தலையை அசைக்காமல் உட்கார்ந்து படம் பார்த்தவர்களை. நடந்து, திரும்பி, கையால் வேலை செய்கிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டுமே! அதற்காக லேண்ட் தலையில் மாட்டிக்கொள்ளும் கேமரா ஒன்றைப் பயன்படுத்தினார். எதிரே உள்ள காட்சியும் அதே நேரத்தில் கண்ணின் அசைவும் அதில் பதிவாகும். மூன்று பேர் அதை மாட்டிக்கொண்டு சமையலறையில் டீ போட்டார்கள். முடிவுகள் 1999இல் வெளிவந்தன.

இனி விஷயத்தின் சுவையான பகுதி. கெட்டிலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் உடம்பு அந்தப் பக்கம் திரும்புகிறது. பிறகு கண் கெட்டிலில் போய் நிற்கிறது. அதற்கு அரை நொடி கழித்துத்தான் கை அதைத் தொடுகிற வேலையில் இறங்குகிறது. வேலை முடிகிற தறுவாயில், கை இன்னும் கெட்டிலைப் பிடித்திருக்கும்போதே, கண் அதை விட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. அங்கேயும் அரை நொடி போல முந்திக்கொள்கிறது. சிந்தாமல் சிதறாமல் வேலை நடப்பது இந்த அரை நொடியின் தயவில்தான்.

கண் செய்யும் வேலைகளை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுவைப்பது ஒன்று. கையை அதை நோக்கி அனுப்புவது இரண்டாவது. மூடியைக் கெட்டிலோடு பொருத்துவதுபோல் இரண்டு பொருள்களைச் சேர்க்கும்போது மாறி மாறிப் பார்த்து வழிகாட்டுவது மூன்றாவது. தண்ணீர் போதுமா, கொதித்துவிட்டதா என்று சரிபார்ப்பது நான்காவது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருளில் கண் நின்றது நூற்றுக்கு ஐந்து தடவைக்கும் குறைவு. இன்னொன்றும் கவனியுங்கள்: வேலை செய்கிற கையைக் கண் பார்ப்பதே அரிது. கை எங்கே போக வேண்டுமோ அங்கே போய்க் காத்திருக்கிறது.

ஆக, நாம் 'பழக்கம்' என்று அலட்சியமாகச் சொல்கிற வேலையில் ஒவ்வொரு அடியையும் கண் காவல் காக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கலாம், மனம் எங்கோ இருக்கலாம். கண் மட்டும் வேலையை விட்டு நகர்வதில்லை. கை பழகியது என்றால் கண்ணும் கூடவே பழகியிருக்கிறது என்று பொருள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று சொல்லித்தானே ஆடக் கற்றுக்கொடுக்கிறோம்? 2000இல் லேண்டும் பீட்டர் மெக்லியாடும் பேட்ஸ்மேன்களின் கண்ணைப் படம்பிடித்தார்கள். பந்து வீசப்படும் நொடியில் கண் பந்தின்மேல் இருக்கிறது. உடனே அதை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி, பந்து வந்து சேரக் காத்திருக்கிறது. அந்த ஆய்வில் தேர்ந்த ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் தாவியது. ஆட்டம் அவ்வளவாக வராதவரின் கண் தாமதமாகத் தாவியது.

இந்த முந்துதல் பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார்கள். 2006இல் முடிவை வெளியிட்டார்கள். படத்தில் ஒருவர் பொம்மைகளை எடுத்து வாளியில் போடுகிறார். ஒரு வயதுக் குழந்தையின் கண், அவர் கை வாளியை அடைவதற்கு முன்பே வாளிக்குப் போய்விட்டது. ஆறு மாதக் குழந்தையின் கண் அப்படி முந்தவில்லை. அதே பொம்மைகள் ஆள் இல்லாமல் தாமாக நகர்ந்து வாளியில் விழுவதுபோல் காட்டியபோது ஒரு வயதுக் குழந்தையும் முந்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறர் வேலை செய்வதைப் பார்க்கும்போதும் நம் கண், அது நம்முடைய வேலை என்பதுபோல, அவர்கள் கைக்கு முன்னே ஓடுகிறது. அடுத்தவரின் நோக்கம் நமக்குப் புரிவதற்கு அடியில் இப்படி ஒரு சின்ன ஓட்டமும் இருக்கிறது. சமையலறை வாசலில் நின்று அம்மா செய்வதைப் பார்க்கும் பிள்ளை சும்மா நிற்கிறது என்று இனி நான் நினைக்க மாட்டேன்.

இதோ, டீ கொதித்துவிட்டது. வடிகட்டி உங்கள் டம்ளரில் ஊற்றப் போகிறேன். என் கை வருவதற்கு முன் உங்கள் கண் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள்.