விழிக்கு விருந்தும் வீட்டுக்கு விளக்கும்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு மலைநாட்டு நினைவும் கூடவே வந்துவிடுகிறது. கடற்கரைப் புழுக்கத்தில் உழல்பவர்க்கு மலைக்குளிர் ஒரு விருந்தன்றோ! நுவரெலியாவை நோக்கிச் செல்வோர் வழியில் இறங்கிக் கண்டு களிக்கும் இடங்களுள் ஒன்று, தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென்கிளேயர் நீர்வீழ்ச்சி.

அவிசாவளை, கித்துள்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றனை அடைந்து, கொட்டகலையையும் கடந்தால், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இவ்வருவி தோன்றும். ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து, பாறைப் படிகளில் அகன்று விரிந்து இறங்குவதால் இதனை இலங்கையின் சின்ன நயாகரா என்பர். அண்மையிலேயே டெவோன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர் உயரத்திலிருந்து ஒடுங்கிய வெள்ளிக் கோடாக வீழ்கிறது. அப்பால் கிரேட் வெஸ்டன் மலை 2,200 மீற்றருக்கு மேல் உயர்ந்து, முகிலைத் தலைப்பாகையாகச் சூடி நிற்கிறது. ஒரே பயணத்தில் இத்தனை காட்சிகளும் கிட்டுவது அரிது.

எனினும், இன்று சென்கிளேயரைக் காணச் செல்வோர் அதன் அண்மைக்கால வரலாற்றையும் அறிந்து செல்லுதல் நன்று. அருவியாய் வீழும் கொத்மலை ஓயாவை மேலே தலவாக்கலையில் ஓர் அணை மறிக்கிறது. 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை அது. அங்கே திருப்பப்படும் நீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே சென்று, நிலத்தடி மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அதன் ஆற்றல் 150 மெகாவாற்று. சுரங்கத்தில் செல்லும் நீர் அருவியில் வீழாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இயற்கை அன்பர்கள் இத்திட்டத்தைப் பல ஆண்டுகள் எதிர்த்தனர். அருவி அடியோடு வற்றிவிடலாகாது என்பதற்காக, பகற்பொழுதில் அதற்கு நீர் விடப்படல் வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. தலவாக்கலையில் பல குடும்பங்கள் தம் பழைய இருப்பிடங்களை விட்டுப் புதிய வீடுகளிற் குடியேறவும் நேர்ந்தது. கொழும்பில் நாம் விசையைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. அந்த ஒளியின் விலையில் ஒரு பகுதியை மலைநாடு செலுத்தியிருக்கிறது.

ஆதலால் அங்கே நாம் எடுக்கும் நிழற்படம் வெறும் அலங்காரப் பொருளன்று. அது ஒரு சாட்சி. அதனைச் செவ்வனே எடுப்பதற்குச் சில குறிப்புகள்:

தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் நீர் பெருகியிருக்கும். கடும் வெயிலைக் காட்டிலும் மெல்லிய முகில் மூடிய வேளையே நல்லது. வெயிலில் வெண்ணுரை வெளிறிப்போகும். துளிகள் முத்துப்போல் தனித்தனியே தெரிய வேண்டுமாயின் ஒரு செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் போதும். பட்டுத்துணிபோல் வழிய வேண்டுமாயின், கமராவை முக்காலியில் நிறுத்தி, கால் செக்கனோ அதற்கு மேலோ திறந்துவைக்க வேண்டும். சூரியன் முதுகுப்புறம் தாழ்ந்திருக்கும்போது நீர்த்திவலைகளில் வானவில்லும் தோன்றக்கூடும். அருவியின் பருமனைக் காட்ட, ஒரு மனிதரோ மரமோ படத்தில் இடம்பெறுவது நலம். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்க விரும்பினால் முதலில் அவர்களுடைய சம்மதத்தைக் கேளுங்கள். வேலை செய்பவர் வேடிக்கைப் பொருளல்லர். வளைவுகள் மிகுந்த பெருந்தெருவிலும் பாசி படர்ந்த பாறையிலும் சிறுவர்களின் கையை விடாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலையும் உண்டு. வீட்டிலுள்ள பழைய அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் மணமான புதிதில் நுவரெலியா சென்று வந்த படங்களிடையே இவ்வருவியும் இருக்கக்கூடும். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று, அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். பின்புறத்தில் திகதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், நாம் பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்பது விளங்கும். மின்சாரம் வேண்டாம் என்பார் எவருமில்லர். அருவியும் வேண்டும் என்று சொல்வதற்கு ஆட்கள் இருந்துகொண்டே இருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்வோர் கையில் திகதியிட்ட படம் ஒன்று இருக்குமாயின், அவர் சொல்லுக்கு வலிமை மிகும்.